டீயில் விடியும் வீடு, ரத்தம் குறைந்த பிள்ளை

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் எங்களோடு எழுந்ததும் ஒரு டம்ளர் டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிடுவாள். எட்டு மணிக்கு முன்னால் நாங்கள் கொழுந்து பறிக்கப் போய்விடுவோம். சாயங்காலம் வந்தால் மறுபடியும் டீ. சோறு வைத்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்து சிரப் கொடுத்தார்கள். அதன் ருசி பிடிக்காமல் அழுகிறாள், கையோடு டீ கொடுத்தால்தான் குடிக்கிறாள். மாமியாரோ, "நாங்க எல்லாம் சாயத்தண்ணி குடிச்சுத்தானே வளர்ந்தோம்" என்கிறார். டீ அவ்வளவு கெடுதலா?
– ஒரு வாசகி, நெல்லியாளம்

பதில்: சிரப்பும் டீயும் ஒன்றாக உள்ளே போவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். இந்த அம்மா மருந்தைத் தவறாமல் கொடுக்கிறார். ஆனால் கூடவே போகும் டீ, அந்த மருந்தில் உள்ள இரும்பில் கணிசமான பகுதியை உடம்பில் சேரவிடாமல் செய்துவிடுகிறது.

டீக்குத் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் வயிற்றுக்குள் இரும்புச் சத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியதைக் குடல் உறிஞ்ச முடியாது, அது அப்படியே வெளியேறிவிடும். கீரை, பருப்பு, ராகி ஆகியவற்றில் உள்ள இரும்புக்கும் சிரப்பில் உள்ள இரும்புக்கும் இதே கதிதான். இறைச்சி, மீனில் இருக்கும் இரும்பை டீ அவ்வளவாகத் தொடுவதில்லை. சாப்பாட்டோடு டீ குடிப்பதையும் ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதையும் பிரிட்டனில் இளம்பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த ஒரு மணி நேர இடைவெளியிலேயே பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்றே சொல்கிறது.

அந்த நிறுவனம் பிறந்தது நீலகிரியில்தான். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. குன்னூரில் அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாட்டையும் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காக இருந்த சாப்பாட்டைத் தின்றவை தேறவில்லை. இன்னொரு கூட்டத்துக்கு, அன்றைய இங்கிலாந்தின் ஏழை வீட்டுச் சாப்பாட்டைக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்கரின், டின் இறைச்சி, ஜாம், வேகவைத்த முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும், சர்க்கரை தூக்கலான டீ. அந்த எலிகள் வளர்ச்சி குன்றின, ஒன்றையொன்று கடித்துக் குதறின. எலிக்கு நடந்தது அப்படியே பிள்ளைக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சாப்பாட்டில் டீ மட்டுமே குற்றவாளியும் அல்ல. இருந்தாலும் மைதாவும் சர்க்கரை டீயுமாக விடியும் வீடுகள் இந்த மலையில் இன்றும் ஏராளமாக இருப்பதால், குன்னூர் எலிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாமியார் சொல்வதையும் சும்மா தள்ளிவிடக் கூடாது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசு இங்கே தேயிலை நடத் தொடங்கியது. டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களின் தொடக்கம் அதுதான். அந்தத் தலைமுறைக்கு விடிகாலைக் குளிரில் சூடாகவும் இனிப்பாகவும் சீக்கிரமாகவும் கிடைத்தது சாயத்தண்ணிதான். பசியை அமர்த்திவிட்டு மலையேற அது உதவியது. அதே குணம்தான் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாதகமாகிறது. இந்தச் சிறுமி சோறு உண்ணாத பிள்ளை இல்லை. சோறு வரும் முன்பே டீயும் வர்க்கியும் வயிற்றை நிரப்பிவிடுகின்றன.

அந்தக் காலத்தில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. களைப்பையும் மூச்சு வாங்குவதையும் யாரும் அன்று அளந்து பார்க்கவில்லை. இப்போது அளக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. பிள்ளைக்கு ரத்தம் குறைவு என்றால், அவளுக்குச் சோறு போடும் அம்மாவுக்கும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மத்தியானம் தோட்டத்தில் சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் அம்மாவுக்கும் இருக்கலாம். அவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை இந்த ஊர்ப் பெற்றோர் தெரிந்துகொள்வது அவசியம். ரத்தம் குறைவது எப்போதும் சாப்பாட்டால் மட்டுமே அல்ல. இந்தியாவில் சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் நோயின் தன்மை முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். பணியர், குறும்பர், இருளர் போன்ற சமூகங்களில் பிறந்த பிள்ளைக்கு ரத்தம் குறைந்திருந்தால் அந்தப் பரிசோதனையையும் செய்ய வேண்டும். அரிவாள் செல் நோயை இரும்பு டானிக் தீர்க்காது. இரும்பும் குறைவாக இருக்கிறது என்று பரிசோதனை சொன்னால்தான் அதைக் கொடுக்க வேண்டும். கூடலூரில் 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறது. அடுத்த சந்தேகம் கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் ரத்தத்தை அது குடிக்கும். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறவிடக் கூடாது, காலுக்குச் செருப்பும் வேண்டும்.

சரி, காலையில் என்ன செய்வது? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார் என்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கிடைக்கிறது. இந்தச் சிறுமிக்கும் உண்டு. ஆனால் ஏழரைக்கு டீயும் வர்க்கியும் உள்ளே போனால் பள்ளித் தட்டில் பாதி மிஞ்சும். பசியோடு போனால்தான் அந்தப் பொங்கல் உள்ளே இறங்கும். பள்ளி கொஞ்ச தூரம், வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வராது என்றால் ஒரு வாழைப்பழம் போதும். மத்தியானச் சத்துணவில் முட்டை இருக்கிறது, அதைச் சாப்பிடுகிறாளா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சிரப்பைச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு கொடுத்தால் ருசியும் மறையும், இரும்பும் நன்றாகச் சேரும். கொய்யா, நெல்லிக்காய் இருந்தால் இன்னும் நல்லது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தால் அப்படித்தான் வரும். சாயங்காலம் டீ நேரத்தில் அவித்த பயறோ, மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுத் துண்டுமோ முன்னால் இருந்தால், பிள்ளை டீயைத் தேடுவது குறையும். ஒரே நாளில் நிறுத்தினால் அழுகைதான் மிஞ்சும். டம்ளரைச் சின்னதாக்கி, டிகாஷனைக் குறைத்துக்கொண்டே வந்தால் சில வாரங்களில் பழகிவிடும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவளுக்கு மட்டும் இல்லை என்றால் எந்தப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளாது. அப்பா, அம்மா, பாட்டி மூவருமே டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால்தான் இது நடக்கும். பெரியவர்கள் டீயை விட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும்.

கேள்வி: ஒன்பது வயது மகன் கீரையைக் கண்டாலே தட்டைத் தள்ளுகிறான். அடித்துத்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது.
– ஒரு வாசகர், தேவாலா

பதில்: அடி வாங்கிக்கொண்டு தின்ற கீரையைப் பிள்ளை வாழ்நாள் முழுக்க வெறுக்கும். புதிய ருசியைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்த பிறகே ஏற்கும் பிள்ளைகள் உண்டு என்று உணவுப் பழக்க ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே பெரியவர்கள் ஓய்ந்துபோகிறார்கள். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது பெரியவர்கள் கையில் இருக்கட்டும். எவ்வளவு தின்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். ஒரு கரண்டி வைத்து, தொடாவிட்டால் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி வைக்கலாம். அப்பா தன் தட்டில் கீரை போட்டுக்கொள்கிறாரா என்பதையும் பிள்ளை கவனித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: டப்பாவில் வரும் ஹெல்த் டிரிங்க் கொடுத்தால் சத்து ஈடாகுமா?
– ஒரு வாசகி, பந்தலூர்

பதில்: தேவையில்லை. இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. அந்தப் பெயரில் இவற்றை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. சில மாவுகளில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் அது அச்சாகியிருக்கும். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவை வாங்கிவந்து பரணில் போடாமல் உருண்டையாகவோ கொழுக்கட்டையாகவோ செய்து கொடுத்துவிட்டு, டப்பாவுக்கு ஒதுக்கிய பணத்தில் முட்டையும் பயறும் வாங்கலாம்.