தொலைச் சத்திரசிகிச்சையும் தரவுத் தாமதமும்

வைத்தியர் ஓரிடத்திலும் நோயாளி வேறோரிடத்திலும் இருக்க, வலையமைப்பினூடாக ரோபோக் கைகளை இயக்கிச் செய்யப்படும் சத்திரசிகிச்சை தொலைச் சத்திரசிகிச்சை எனப்படும்.

இரு உதாரணங்கள்

1. 2001 செப்டெம்பர் 7: நியூயோர்க்கில் இருந்த வைத்தியர் ஜாக் மரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் இருந்த பெண் ஒருவரின் பித்தப்பையை அகற்றினார். ஒளியியல் நார் இணைப்புப் பயன்படுத்தப்பட்டது.

2. 2024 ஜூன்: உரோமில் இருந்த சீன வைத்தியர் சாங் சூ, பீஜிங்கில் இருந்தவரின் புற்றுநோயுற்ற முன்னிற்கும் சுரப்பியை அகற்றினார். 5ஜி கம்பியில்லா வலையமைப்பும் ஒளியியல் நாரும் பயன்படுத்தப்பட்டன.

தாமதம் ஏன் முக்கியமானது?

வைத்தியர் கையை அசைத்ததும் கட்டளை தரவாகச் செல்லும். ரோபோக் கை அசையும். கமெராப் படம் திரும்பி வரும். இதற்கு எடுக்கும் நேரமே தாமதம் ஆகும். புற்றுநோய்க் கலங்கள் எஞ்சவும் கூடாது, அருகிலுள்ள நரம்புகள் காயப்படவும் கூடாது. தாமதம் கூடினால் வைத்தியர் திரையில் காண்பது சற்று முன்னைய நிலையையே. அதற்குள் கத்தி தவறான இடத்தை வெட்டிவிடலாம்.

மாதிரி வினா

உரோம் - பீஜிங் சத்திரசிகிச்சையில் தரவு சென்று திரும்பிய பாதை ஏறத்தாழ 20,000 கி.மீ.; தாமதம் 135 மில்லிசெக்கன். நாரில் ஒளியின் வேகம் செக்கனுக்கு 200,000 கி.மீ. எனக் கொண்டு, பயணத்துக்கு மட்டும் எடுத்த நேரத்தைக் காண்க.

விடை: நேரம் = தூரம் ÷ வேகம் = 20,000 ÷ 200,000 = 0.1 செக்கன் = 100 மில்லிசெக்கன்.

மிகுதி 35 மில்லிசெக்கன் இடையிலுள்ள கருவிகளில் கழிந்தது. சிறந்த வலையமைப்பினால் குறைக்கக்கூடியது இப்பகுதியையே. அதே பாதையில் 100 மில்லிசெக்கனைக் குறைக்க முடியாது.

மாணவர் விடும் பிழைகள்

• பட்டையகலத்தையும் தாமதத்தையும் ஒன்றெனக் கருதுதல். பட்டையகலம் என்பது ஒரு செக்கனில் அனுப்பக்கூடிய தரவின் அளவு. தாமதம் என்பது தரவு சென்றடைய எடுக்கும் நேரம்.

• "ரோபோ தானாகவே சத்திரசிகிச்சை செய்கின்றது" என எழுதுதல். இங்கு ஒவ்வோர் அசைவும் வைத்தியருடையது.

• நோயாளியின் அருகில் வைத்தியர் தேவையில்லை என எழுதுதல். இணைப்புத் துண்டிக்கப்பட்டால் உடனே பொறுப்பேற்க அங்கும் ஒரு வைத்தியர் குழு ஆயத்தமாக நிற்க வேண்டும்.

பயிற்சி

தூரக் கிராமத்து வைத்தியசாலை ஒன்றுக்கு 5ஜி இணைப்பு மட்டும் வழங்கப்பட்டால், அங்கு தொலைச் சத்திரசிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்யலாமா? இரு காரணங்கள் தந்து விளக்குக.