கோல்ஃப் திடலில் அறுகம்புல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

அறுகம்புல்லை அறியாதார் நம்மில் எவருமிலர். பிள்ளையாருக்குச் சாத்துகிறோம், மணமக்களை அறுகுபோல் வேரோடி வாழ்க என வாழ்த்துகிறோம். அதே அறுகு புன்செய்க் காட்டில் புகுந்துவிட்டால் உழவன் படும் பாடு சொல்லி முடியாது. என் தந்தையார் கோடையில் உழுது, வேரும் தண்டுமாகப் பொறுக்கி, வரப்பில் குவித்துக் கொளுத்துவார். மழை விழுந்ததும் அது மீண்டும் தலைகாட்டும். இப்புல்லைத்தான் வெப்பநாடுகளின் கோல்ஃப் திடல்களில் எந்திரம் கொண்டு சீவிச் சீராட்டி வளர்க்கிறார்கள். நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டவனல்லன். ஆட்டத்தைப் பற்றியன்று, புல்லைப் பற்றியதே இக்கட்டுரை.

கோல்ஃப் திடலில் பந்து விழவேண்டிய குழியைச் சுற்றியுள்ள சிறு பரப்பை 'கிரீன்' என்பர். அங்கே பந்து தரையோடு உருள வேண்டும். ஆதலால் புல்லின் உயரம் ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே, ஒரு நெல்மணியின் அகலந்தான்! இவ்வளவு ஒட்ட வெட்டியும் புல் சாகாதது ஏன்? புல்லின் வளர்முனை தரையை ஒட்டியே இருக்கிறது. இலையும் தன் அடியிலுள்ள ஆக்குத்திசுவால் நீள்கிறது. ஆடு மேய்ந்த புல் மறுபடி தழைப்பதும் இதனாலேயே.

ஆனால் சாகாதிருப்பது வேறு, நலமாயிருப்பது வேறு. இலை குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும். உணவு குறைந்தால் வேர் குட்டையாகும். குட்டை வேருக்கு வறட்சி தாங்காது. எனவே ஒரு வெட்டில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது என்பது பொது விதி. 3 மி.மீ. புல்லுக்கு இவ்விதியைப் பொருத்திப் பாருங்கள்: அது ஒன்றரை மி.மீ. வளர்வதற்குள் அடுத்த வெட்டு விழவேண்டும்! அதனால்தான் வளர்பருவத்தில் கிரீனை அன்றாடம் வெட்டுகிறார்கள். கத்தி மழுங்கியிருந்தால் இலை கிழிந்து, நுனி வெளுத்துக் காயும்.

நம் வரப்பு அறுகு கிரீனுக்குச் சற்று முரடு. அதற்கேற்ற மெல்லிய வகைகளை உருவாக்கியவர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் பணியாற்றிய கிளென் பர்ட்டன் என்னும் மரபியல் அறிஞர். 36 குரோமோசோம்கள் கொண்ட சைனோடான் டாக்டைலான், அதாவது நம் அறுகு. 18 குரோமோசோம்கள் கொண்ட தென்னாப்பிரிக்க இனமாகிய சைனோடான் டிரான்ஸ்வாலென்சிஸ். இவ்விரண்டின் கலப்பில் பிறந்த டிஃப்கிரீன் 1956இலும், டிஃப்வே 1960இலும் வெளியாயின. இக்கலப்பினத்துக்கு 27 குரோமோசோம்கள். மும்மடியமாதலால் மலடு, விதை பிடிக்காது. தண்டைத் துண்டுதுண்டாக நட்டே திடலை நிரப்ப வேண்டும். தந்தையாரைத் தோற்கடித்த அந்தத் துண்டுகளின் உயிர்ப்பே அங்கே நடவுப்பொருளாகிறது! இதே டிஃப்டனில் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வரிசையைக் கொண்டே, எச்.பி.1 என்னும் கலப்பினக் கம்பு 1965இல் நம் நாட்டில் வெளியாயிற்று. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த எனக்கு இதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

கிரீனின் மற்றொரு துன்பம் மிதிபடுதல். ஆட்டக்காரர் நடக்க, எந்திரம் உருள, மண் இறுகும். காற்றிடம் அடைபட்டு வேர் சுவாசிக்கத் திணறும். இதற்காகவே அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் ஓர் அமைப்பை வகுத்தது: அடியில் வடிகுழாய், அதன்மேல் 10 செ.மீ. சரளை, அதற்கும் மேல் 30 செ.மீ. மணற்பாங்கான கலவை. அத்துடன் உள்ளீடற்ற ஊசிகளால் தரையைத் துளைத்து, மண் உருளைகளை வெளியே எடுத்து, துளைகளில் மணல் நிரப்புவர். அறுகின் ஓடுதண்டுகள் மக்குமுன் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மெத்தையாகும் இயல்புடையன. நீர் அம்மெத்தையிலேயே தங்க, வேரும் கீழிறங்காமல் அங்கேயே சுற்றும். துளையும் மணலும் இதற்கும் மருந்து.

தழைச்சத்தில் அளவு வேண்டும். குறைந்தால் நாணய அளவில் வெளிறிய புள்ளிகள் தோன்றும். 'டாலர் ஸ்பாட்' என்னும் பூஞ்சை நோய் அது. மிகுந்தாலோ மெத்தை தடிக்கும், வேறு பூஞ்சைகளுக்கு வழிதிறக்கும். இலையில் ஈரம் நெடுநேரம் நிற்பதே பூஞ்சைக்கு வாய்ப்பு. ஆகவே விடியலில் நீண்ட கயிற்றைப் புல்மேல் இழுத்துப் பனித்துளியை உதிர்ப்பதுண்டு. மருந்தடிக்குமுன் இந்த எளிய வேலை நடக்கட்டும் என்பேன்.

இவ்வளவு பாடுபட்டும் புல் கெடுவதற்கு ஒரு காரணம் ஆட்டக்காரரின் ஆசை. கிரீனில் பந்து எவ்வளவு தொலைவு உருள்கிறது என்று அளக்க 1935இல் எட்வர்டு ஸ்டிம்ப்சன் ஒரு கருவி செய்தார். அதன் திருந்திய வடிவம் 1978இல் திடல்களுக்கு வழங்கப்பட்டது. எண் கைக்கு வந்ததும் போட்டியும் வந்தது. இன்னும் வேகம் வேண்டுமென்றால் கத்தியை இன்னும் தாழ்த்த வேண்டும். இதை வேர் தாங்குமா என்று அக்கருவி சொல்லாது. தேர்ந்த திடல் பராமரிப்பாளர் வெப்பம் மிகும் நாட்களில் கத்தியை அரை மி.மீ. உயர்த்திவிட்டு, குறையும் வேகத்தை இலேசான உருளையை உருட்டி ஈடுசெய்கிறார். புல் பச்சையாகத் தெரியும்போதே மண் உருளை ஒன்றை எடுத்து, மணலை உதறி, வேரின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்.