மரவள்ளிச் சாகுபடிக்குக் கணக்குத் தாள்

கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்துக் கிராமங்களிலும் மரவள்ளி பயிரிடும் குடியானவர்கள் பெரும்பாலும் கிழங்கை விற்ற பிறகே வரவு செலவைக் கூட்டிப் பார்க்கிறார்கள். மரவள்ளியைப் பொறுத்தமட்டில் இது காலங்கடந்த காரியம். மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்கு சில வாரங்கள் காத்திருக்கும். பிடுங்கிவிட்டாலோ இரண்டு மூன்று நாட்களுக்குள் கெடத் தொடங்கும். பிறகு கேட்ட விலைக்குக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை. ஆகையால், எந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டம் என்பது பிடுங்குவதற்கு முன்னமே தெரிந்திருத்தல் அவசியம். இதற்குக் கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். கடைசியிற் சொன்னது இலவசமானது.

தனியாள் கம்ப்யூட்டருக்கென இத்தகைய தாளை முதன்முதலில் எண்ணியவர் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்த டான் பிரிக்ளின் என்பவர். கரும்பலகையில் ஆசிரியர் போட்ட அட்டவணையில் ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்ததை அவர் கண்டார். பாப் பிராங்ஸ்டன் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறுவதுதான் இதன் சாரம். வெறும் எண்களை வரிசையாக எழுதிவைக்க மாத்திரமானால் சாதாரண நோட்டுப் புத்தகமே மேல்.

தாளில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளுக்கு ஏ, பி, சி என்ற எழுத்துக்களும், குறுக்கு வரிகளுக்கு 1, 2, 3 என்ற எண்களும் உண்டு. சி பத்தியும் 2-ஆம் வரியும் கூடுமிடம் சி2 கட்டம். முதல் வரியில் தேதி, விவரம், எண்ணிக்கை, விகிதம், தொகை என்று ஏ முதல் ஈ வரை தலைப்பிடுக. களைவெட்டுக்கு 8 ஆள், கூலி ரூ. 300 என்றால், சி2-இல் 8, டி2-இல் 300 என எழுதி, ஈ2-இல் =சி2*டி2 என்று தட்டுக. (எழுத்துக்களை ஆங்கிலத்திலேயே தட்ட வேண்டும், இங்கு ஒலி மாத்திரம் தமிழில் கொடுக்கப்பட்டுள்ளது.) 2400 என்று விடை வரும். அக்கட்டத்தை நகலெடுத்துக் கீழ்வரிகளில் இட்டால், அந்தந்த வரிக்கேற்பச் சூத்திரம் தானே மாறிக்கொள்ளும்.

புதியவர்கள் இடறும் இடம் ஒன்றுண்டு. எண் கட்டத்தில் "8 ஆள்" என்று எழுதினால் தாள் அதை எண்ணாகக் கொள்ளாது. பெருக்கல் பிழை காட்டும். தொகைப் பத்தியில் "500 ரூபாய்" என்று எழுதினாலோ இன்னும் மோசம்: பிழையும் காட்டாது, கூட்டும்போது சந்தடியின்றி விட்டுவிடும். எண் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்புறம் ஒட்டி நிற்கும். இதைக் கண்ணால் பார்த்தே அறியலாம்.

எஃப் பத்தியில் பெயர்களும் ஜி பத்தியில் எண்களுமாகச் சுருக்கக் கணக்கை அமைக்கலாம். ஜி1 மொத்தச் செலவு: =சம்(ஈ2:ஈ500). ஐந்நூறு வரி வரை முன்னதாகவே குறித்துவிட்டால், பின்னால் சேர்க்கும் வரி விட்டுப்போகாது. ஜி2-இல் எதிர்பார்க்கும் டன், ஜி3-இல் மாவுச்சத்துப் பாயிண்டு. ஜி4 ஒரு பாயிண்டின் அடக்கம்: =ஜி1/(ஜி2*ஜி3). ஜி5-இல் வியாபாரி பாயிண்டுக்குக் கேட்கும் விலை. ஜி6 லாபம்: =ஜி2*ஜி3*ஜி5-ஜி1.

உதாரணத்துக்காக ஓர் ஏக்கரை எடுத்துக்கொள்வோம். ரொக்கச் செலவு ரூ. 36,000, விளைவு 10 டன், பாயிண்டு 24. அடக்கம் ரூ. 150 என்று வரும். வியாபாரி ரூ. 180 கேட்டால் ரூ. 7,200 லாபம் என்று மனம் மகிழும். ஆனால் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நட்டு, களையெடுத்து, காவல் காத்த 40 ஆள் வேலை அதில் எழுதப்படவில்லை. அதை ரூ. 300 வீதம் ஒரு வரியாகச் சேர்த்தவுடன் செலவு ரூ. 48,000, அடக்கம் ரூ. 200, ஜி6 ரூ. 4,800 நஷ்டம் என்று காட்டும். வீட்டார் உழைப்பை எழுதாத கணக்கு, வியாபாரிக்கு அனுகூலமான கணக்கே.

விலை ரூ. 220 ஆனால் ரூ. 4,800 லாபம். அப்போது ஜி3-இல் 24-ஐ அழித்து 22 என்று இட்டுப் பார்க்க வேண்டும். லாபம் ரூ. 400 ஆகச் சுருங்கும். ஆத்தூர், சேலம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளில் பாயிண்டைக் கொண்டே விலை தீர்வதால், விலையைப் பேசுவதோடு நில்லாமல், பாயிண்டு பார்க்கும்போது குடியானவர் உடனிருப்பது எவ்வளவு அவசியமென்பது இந்த ஓர் எண்ணால் விளங்கும்.

மலைக் கிராமங்கள் சிலவற்றில் சிக்னல் கிடைப்பதில்லை. கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்கள், வெள்ளிமலை சந்தைக்கோ அடிவாரத்துக்கோ வரும் நாளிலேயே அத்தாளை ஆஃப்லைனில் திறக்கும்படி அமைத்துக்கொண்டு போக வேண்டும். கூலி கொடுத்த அன்று மாலையே வரியை எழுதிவிடுக. வாரக்கடைசியில் நினைவிலிருந்து எழுதும் ஆட்கணக்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.