தோள்வலிக்கு எண்ணெய் மட்டும் போதுமா?



வார்டுகளைச் சந்தித்துத் திரும்புகையில் பிசியோதெரபி அறையிலும் சற்று அமர்வது எங்கள் வழக்கம். அங்கே வரும் சர்க்கரை நோயாளிகளில் பலருக்குக் கையைத் தூக்கித் தலைவார முடியாது. "எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுங்கள் ஐயா, அது போதும்" என்பார்கள்.

போதாது. இந்நோயில் தோள்மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. வலிக்குப் பயந்து சுற்றியுள்ள தசைகளும் இறுகிக்கொள்கின்றன. தேய்ப்பது தசையை இளக்கும். சுருங்கிய உறையை விரிக்காது. ஆகவே ஒத்தடமும் தேய்ப்பும் முடிந்து, தசை இளகியிருக்கும்போதே பயிற்சியைத் தொடங்க வேண்டும். முதலில், குனிந்து கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுவது. பிறகு விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறுவது. எட்டிய உயரத்தில் கரிக்கோடு போட்டுவைத்தால், மறுவாரம் விரல் எங்கே நிற்கிறதென்று தாமே காணலாம். பயிற்சியின்போது சற்று இழுக்கும். ஆனால் இரவிலும் வலி கூடினால் அளவு மிஞ்சிவிட்டது என்று அறியவும்.

பிறருக்குப் பொறுமையைப் போதிக்கும் நாங்களே, எங்கள் தோள் இறுகியபோது தேய்ப்போடு நின்றுவிட்டோம். சட்டை மாட்டிவிட ஆறு மாதம் வீட்டம்மா வரவேண்டியதாயிற்று!

தோள் நன்கு திறக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நான்கு மாதமாய்ப் பயிற்சி செய்துவரும் ஒரு தாயார், சென்ற வாரம் தம் கொண்டையைத் தாமே முடிந்து வந்தார். முதுகில் சோப்புப் போட மட்டும் கை இன்னும் எட்டவில்லையாம்.