கத்திரி வெயிலும் மாத்திரை டப்பாவும்

மே 4 வாக்கில் கத்திரி பிறந்தால் 28 வரை தேவகோட்டையில் அனல்தான். இந்த நாட்களில் வீட்டில் ஒருவர் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தால் குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ராத்திரி தூங்கினாரா என்று முதலில் கேளுங்கள். இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டால் யாருக்கும் பொறுமை போய்விடும். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்கு நோயே திரும்பலாம்.

ஆகவே படுக்க இடம் பாருங்கள். பழைய வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: வளவுப் பத்தியில், ஆத்தங்குடிக் கல் தரையில் பாயை விரித்தால் போதும். கான்கிரீட் மாடி அறைதான் வம்பு. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரிதான் கக்கும். அங்கே படுப்பவர்களைக் கீழே இறக்குங்கள்.

அடுத்தது மாத்திரை. "மாத்திரை சூடு, கோடை முடியட்டும்" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் நம் பக்கம் உண்டு. வேண்டாம். ஆனால் அந்தப் பேச்சை முழுக்கத் தள்ளவும் முடியாது. மனச்சிதைவுக்கான சில மாத்திரைகளும், கைகால் விறைப்புக்குச் சேர்த்துத் தரும் டிரைஹெக்சிபெனிடிலும் வியர்வையைக் குறைக்கும். உடம்புச் சூடு வெளியேற வழியிருக்காது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 ஜூனில் அடித்த வெப்ப அலையில், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு மரண ஆபத்து மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது.

லித்தியம் சாப்பிடுபவருக்குச் சிக்கல் வேறு. உடம்பில் நீரும் உப்பும் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வெயில் தலைவலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுபுரூஃபனும் அதை ஏற்றும். கைநடுக்கம் கூடினாலோ, வாந்தி பேதி வந்தாலோ, நடை தள்ளாடி நாக்கு குழறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் லித்தியம் அளவைப் பாருங்கள். மற்றவர்களும் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரை இந்த வாரமே பார்த்து, கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

உப்புப் போட்ட மோர், நீராகாரம் நல்லது. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவு கேட்டுக் குடிக்கவும். பீர் குளிர்ச்சி என்பது டாஸ்மாக் வாசலில் பிறந்த வைத்தியம்.

பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஆச்சிமாரை மத்தியானம் ஒருதரம் எட்டிப் பாருங்கள். போனில் "சாப்பிட்டீங்களா ஆச்சி?" என்றால் சாப்பிடாவிட்டாலும் "ஆச்சுப்பா" என்றுதான் வரும். இன்று என்ன கிழமை, காலையில் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். பதில் தாறுமாறாக வந்து உடம்பும் கொதித்தால் அது வயசுக் குழப்பமல்ல, வெப்பத்தாக்கு. 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை உடம்பெல்லாம் நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

மாத வெப்பம் 1 டிகிரி கூடினால் தற்கொலை அமெரிக்காவில் 0.7 சதவீதமும் மெக்சிகோவில் 2.1 சதவீதமும் கூடுவதாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தோட்டம் வயல் உள்ளவர்கள் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியைத் தனியே வையுங்கள். "இருந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது சொன்னால் அதட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416: ராத்திரி பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.