முழங்காலில் வலி, இடுப்பில் நோய்

அந்தப் பையனுக்கு 13 வயது. கொஞ்சம் பருத்த உடம்பு. ஓர் ஆண்டில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டான். ஒரு மாதமாக நொண்டி நடக்கிறான்.

"முழங்கால் வலிக்குதும்மா" என்றான்.

"பள்ளிக்கூடம் போகாமல் இருக்க இது ஒரு சாக்கு" என்றார் அப்பா.

"சுளுக்காக இருக்கும்" என்றார் பாட்டி. எண்ணெய் தடவி உருவிவிட்டார். வலி போகவில்லை. நொண்டல் அதிகமானது.

அம்மா அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். முழங்காலில் வீக்கம் இல்லை. மருத்துவர் அவனைப் படுக்க வைத்தார். காலை மடக்கி நெஞ்சை நோக்கித் தூக்கினார். முழங்கால் நேராக வரவில்லை. வெளிப்பக்கம் விலகிப் போனது.

"நோய் இடுப்பு மூட்டில் இருக்கிறது அம்மா" என்றார் மருத்துவர்.

"வலி முழங்காலில்தானே டாக்டர்?"

"இரண்டு இடத்துக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. அதனால் இடுப்பில் உள்ள நோய், தொடையிலோ முழங்காலிலோ வலியாகத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்."

இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். நோய் தெரிந்தது.

ஆட்டுக்கல்லின் குழியில் குழவி உருள்கிறது அல்லவா? அதுபோல இடுப்பு எலும்பின் குழியில் தொடை எலும்பின் தலை உருள்கிறது. வளரும் வயதில் அந்தத் தலைக்குக் கீழே ஒரு குருத்தெலும்பு இருக்கும். எலும்பு வளர்வது அங்கேதான். வேகமாக வளரும்போது அந்த இடம் உறுதி குறைந்திருக்கும். உடல் எடையும் கூடினால் பிடி தளர்ந்து, எலும்பு சரிந்துவிடும். பெரும்பாலும் 10 முதல் 16 வயதுக்குள் இது வரும். பையன்களுக்கு அதிகம். பெண்பிள்ளைகளுக்கும் வரும். தைராய்டு போன்ற சுரப்பிகளின் குறையால் ஒல்லியான பிள்ளைக்கும் வரலாம். அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

சரிந்த எலும்பை உருவக் கூடாது. நடக்கவும் விடக் கூடாது. திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். எலும்பின் தலைக்குப் போகும் இரத்தம் நின்றுவிட்டால் அந்தத் தலை செத்துவிடும்.

இடுப்பு வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வலி இருந்தால் காசநோயா என்று பார்க்க வேண்டும். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. அரிவாள் செல் நோய் இன்னொன்று. இரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்து, எலும்புக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிடும். மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களிடமும் நீலகிரியிலும் இது அதிகம். இந்த நோயைக் கண்டறிய மத்திய அரசு 2023-இல் ஓர் இயக்கம் தொடங்கியது. இதற்கு இரத்தப் பரிசோதனை போதும்.

அந்தப் பையனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்தார்கள். அறுவை செய்து, எலும்பு மேலும் சரியாமல் திருகாணி போட்டார்கள். சில வாரம் ஊன்றுகோல் வைத்து நடந்தான்.

"சாக்கு என்று சொல்லிவிட்டேனே" என்றார் அப்பா.

"இன்னொரு காலையும் கவனியுங்கள்" என்றார் மருத்துவர். "சிலருக்கு அதுவும் சரியும். தொடையிலோ முழங்காலிலோ லேசாக வலித்தாலும் உடனே அழைத்து வாருங்கள்."