யாருக்காக இந்த அன்பளிப்பு?

ஓட்டிசம் உள்ள வளர்ந்தோருக்குப் பரிசு தெரிவு செய்வது பற்றிச் சில சிந்தனைகள்



ஒரு நத்தார் இரவை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டார் எல்லோரும் கூடத்தில் இருக்கிறார்கள். கனடாவிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்திருக்கிறார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பளபளக்கும் தாளில் சுற்றிய பொதிகளைக் கொடுக்கிறார். வீட்டின் மூத்த மகனுக்கு முப்பத்துநான்கு வயது. அவருக்கு ஓட்டிசம் உண்டு. அவருக்குக் கிடைத்த பெட்டிக்குள்ளே, பொத்தானை அமர்த்தியதும் விளக்குகள் மின்ன, பாட்டுப் பாடிக்கொண்டு ஓடும் ஒரு பொம்மைக் கார். "என்ன தம்பி, பிடிச்சிருக்கோ? மாமாவைப் பார்த்து ஒருக்காச் சிரியன்!" என்கிறார் மாமா. மகன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார். மாமாவின் முகம் வாடுகிறது. அம்மா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்.

இது எந்த ஒரு வீட்டையும் சுட்டிச் சொன்னதல்ல. ஆயினும் உங்களிற் பலர் இத்தகைய காட்சியைக் கண்டிருப்பீர்கள். இங்கே பிழை செய்தவர் யார்? மாமா அன்பில்லாதவர் என்று சொல்ல முடியுமா? கடல் கடந்து, காசு செலவழித்துக் கொண்டுவந்தவர் அவர். மகனை நன்றி கெட்டவர் என்று சொல்ல முடியுமா? அதுவும் நியாயமாகாது. "உமக்கு எது விருப்பம்?" என்ற ஒரு கேள்வியை அந்த மகனிடம் கேட்க ஒருவருக்குமே தோன்றவில்லை. முழுப் பிழையும் அந்த இடத்திலேதான் இருக்கிறது.

பிள்ளைகள் வளர்கிறார்கள்

ஓட்டிசம் என்றதும் நம்மிற் பலருக்கு ஒரு சிறு பிள்ளையின் முகமே நினைவுக்கு வருகிறது. மதியிறுக்கம் என்றும் இதனைத் தமிழில் எழுதுவர். இது ஒரு தொற்றோ நோயோ அன்று. மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலிருந்தே உள்ள வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுகை, மணம் முதலியவற்றை உணரும் விதத்திலும் அது வெளிப்படும். சிலர் பட்டம் பெற்றுத் தொழில் செய்கின்றனர். சிலர் வாய்ப்பேச்சு இன்றி, நாளாந்தக் காரியங்களுக்குப் பிறர் துணையோடு வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உள்ளவராக இருந்தார் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்கள் எல்லோரும் பிள்ளைகளாகவே இருந்துவிடுவதில்லை.

1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் வைத்தியர் அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசம் பற்றிய ஆராய்ச்சிக்கு அது அத்திவாரமாயிற்று. அக்கட்டுரையில் முதலாவதாக வரும் பிள்ளை, மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். அந்தப் பிள்ளை பின்பு என்ன ஆனார்? தமது ஊர் வங்கியிலே பல்லாண்டு வேலை செய்தார். கார் ஓட்டக் கற்றார். கோல்ஃப் விளையாடினார். தனியாகவே பல நாடுகளுக்குப் பயணம் போய் வந்தார். 2023ஆம் ஆண்டில் 89ஆவது வயதிற் காலமானார். மருத்துவ உலகம் ஒரு சிறு பிள்ளையாக அறிந்த அவர், எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்த மனிதராகவே இவ்வுலகில் வாழ்ந்தார்.

ஆகவே முதலாவது பாடம் இது: வயதுக்கு மரியாதை கொடுங்கள். முப்பத்துநான்கு வயதுக்காரருக்கு நான்கு வயதுப் பிள்ளையின் விளையாட்டுப் பொருளைக் கொடுக்கும்போது, "நீ எங்களுக்கு என்றும் குழந்தைதான்" என்று சொல்லாமற் சொல்கிறோம். பேசாதவருக்கும் அது விளங்கும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர் தாமே விரும்பிச் சின்னப் புகையிரத வண்டிகளைச் சேர்த்து வைப்பவராயின், அதனைக் குழந்தைத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. முத்திரை சேர்ப்பவரையும் பழைய நாணயம் சேர்ப்பவரையும் நாம் அப்படிச் சொல்வதில்லையே! அவர் விரும்புவதை அறிந்து கொடுத்தால் அதே பொருள் மரியாதையாகிறது. அறியாமல், அவர் சிறு பிள்ளைதானே என்று எண்ணிக் கொடுத்தால் அவமதிப்பாகிறது.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

சிலருக்கு விசிறியின் இரைச்சல் ஆலைச் சங்கு போலக் கேட்கும். சட்டைக் கழுத்தில் உள்ள சிறு துணித்துண்டு முள்ளாய்க் குத்தும். வேறு சிலருக்கோ உணர்ச்சி குறைவாக இருந்து, பலத்த அழுத்தமும் அசைவும் தேவைப்படும். இதனைப் பெற்றார் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கைநூலின் ஐந்தாம் பதிப்பு, இதனையும் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இதனை மனத்திற் கொண்டு கடைக்குப் போங்கள். வாசனைச் சவுக்காரம், பவுடர், சென்ற் ஆகியவற்றைக் கேளாமல் வாங்க வேண்டாம். திறந்ததும் பாடும் வாழ்த்து மடலும் வேண்டாம். உடுப்பு வாங்குவதாயின், அவர் விரும்பி அணியும் பழைய சேட்டைப் பாருங்கள். அதன் துணி என்ன, கழுத்து எப்படி, கை எவ்வளவு நீளம் என்று கவனித்து, அதே மாதிரியில் இரண்டு வாங்கிக் கொடுங்கள். புதுமையாக ஒன்று கொடுத்தாற்றான் பரிசு என்று நாம் நினைக்கிறோம். ஒரே விதமான சேட்டை, ஒரே விதமான கோப்பையைப் பல ஆண்டுகள் பாவிப்பவருக்கு, அது கிழிந்தோ உடைந்தோ போகும் நாள் பெரும் துயர நாள். கடையில் அது கிடைக்கும்போதே இன்னொன்று வாங்கி வைத்துக் கொடுப்பவர், அவருடைய நாளைய கவலையை இன்றே தீர்க்கிறார்.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1947இற் பிறந்தவர், ஓட்டிசம் உள்ளவர், கால்நடை விஞ்ஞானப் பேராசிரியர். பிறர் அணைப்பது அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஆயினும் உடம்பு ஆழ்ந்த அழுத்தத்துக்கு ஏங்கியது. இளவயதில், தம் அத்தையின் பண்ணையிலே மாடுகளை அசையாது பிடித்து வைக்கும் கூட்டைக் கண்டு, அதுபோலத் தமக்கென ஒரு பொறியைச் செய்துகொண்டார். அழுத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதை அவரே தீர்மானித்தார். அதுவே அவருக்கு அமைதி தந்தது. தொடுகையின் அளவு அவர் கையிலே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பாரமான போர்வைகள் இப்பொழுது வெளிநாடுகளில் நிறைய விற்பனையாகின்றன. உறவினர் அதனை அனுப்ப விரும்பக்கூடும். பிரித்தானியாவில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடையே நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அப்போர்வையால் நித்திரை கூடவில்லை என்று கண்டனர். ஆனாலும் பிள்ளைகளும் பெற்றாரும் அதனை விரும்பினர். விரும்பினாற் கொடுக்கலாம், மருந்தென்று எண்ணிக் கொடுக்க வேண்டாம். நம்மூர் வெயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். தாமாகவே விலக்கிக்கொள்ள முடியாத ஒருவர்மேல் அதனைப் போர்த்தவே கூடாது. ஆரவாரம் தாங்காதவருக்கு, இரைச்சலான ஆலைகளிலே தொழிலாளர் அணியும் காதுமூடி அதனிலும் பயன் தரும். வெடிச்சத்தம் கேட்கும் நத்தார்க் காலத்திலே அது பெரிய உபகாரம்.

விருப்பத்தின் உள்ளே செல்லுங்கள்

ஓட்டிசம் உள்ளவர் பலருக்கு ஏதோ ஒரு விடயத்திலே ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. ஒருவருக்கு நாட்காட்டி, ஒருவருக்குப் பறவைகள், ஒருவருக்குத் துடுப்பாட்ட ஓட்டக் கணக்கு. புகையிரதத்தில் மனம் வைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியதும், 1990இல் யாழ்ப்பாணச் சேவை நின்றதும், 2014 ஒக்டோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் அவருக்கு மனப்பாடம். அவருக்கு நாம் எதைக் கொடுப்பது? "புகையிரதத்தின் கதை" என்று சிறுவருக்கு எழுதிய படப்புத்தகத்தைக் கொடுத்தால், நாம் அவரை அறியவில்லை என்பதே வெளிப்படும். பழைய நேரசூசி ஒன்று, இயந்திரங்களின் நல்ல படங்கள், பாதை வரைபடம் ஆகியவற்றைத் தேடிக் கொடுத்தால் அவர் உள்ளம் நிறையும். அவரிடம் ஏற்கெனவே உள்ளவை எவை என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

"கேட்டுவிட்டால் ஆச்சரியம் போய்விடுமே!" என்று நீங்கள் சொல்லலாம். அந்த ஆச்சரியம் யாருக்கு இன்பம்? பெரும்பாலும் கொடுப்பவருக்கே. முன்கூட்டித் தெரிந்திருப்பதில் ஆறுதல் காண்பவருக்கு, எதிர்பாராத பொதி ஒரு சோதனை. ஆகவே நேரே கேளுங்கள். பேச்சு இல்லாதவராயின் இரண்டு பொருள்களையோ படங்களையோ காட்டுங்கள். கை எதனை நாடுகிறதென்று பாருங்கள். ஒரு கிழமை அவதானியுங்கள். எதனைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார், எதனைத் தள்ளுகிறார் என்பதெல்லாம் அவருடைய பதில்தான்.

கொடுக்கும் முறை

நல்ல பொருளும் கொடுக்கும் முறையாற் கெட்டுப்போகலாம். ஊர் முழுவதும் பார்த்திருக்கப் பொதியைத் திறக்கச் சொல்லாதீர்கள். முத்தம் கேட்காதீர்கள், சிரிப்புக் கேட்காதீர்கள், படம் பிடிக்க நிறுத்தாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லியே கொடுக்கலாம். "அறையில் வைக்கிறேன், விரும்பிய நேரம் பாரும்" என்றால் போதும்.

நன்றி எப்படி வரும்? மூன்று நாள் கழித்து, அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருப்பதை நீங்கள் காண்பீர்கள். அதுவே நன்றி. டேமியன் மில்டன் என்பவர் பிரித்தானிய சமூகவியலாளர். தாமும் ஓட்டிசம் உள்ளவர். அவர் 2012இல் எழுதியதின் சாரம், விளங்காமை இருபக்கத்திலும் உண்டு என்பதே. அவர்கள் நம் முகத்தை வாசிக்கத் தவறுவதாகக் குறை சொல்கிறோம். நாமும் அவர்களுடைய முகத்தை வாசிக்கத் தவறுகிறோம் அன்றோ?

பொருளல்லாத பரிசுகள்

எல்லாப் பரிசும் கடையில் வாங்குவதல்ல. அவருக்குப் பிடித்த ஒரு பயணம் கூட்டிச் செல்லலாம். எத்தனை மணிக்குப் புறப்படுவது, எந்த ஆசனம், யார் கூட வருவது, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாதத்தின் முதற் சனிக்கிழமை உம்மோடு நடக்க வருவேன் என்று வாக்குக் கொடுக்கலாம். ஆனால் காப்பாற்ற முடியுமாயின் மாத்திரம் கொடுங்கள். தவறிய வாக்கு, கொடாத பரிசிலும் அதிகம் நோகும். காசு கொடுப்பதாயின் தாயின் கையிற் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். தம் விருப்பப்படி செலவழிக்கும் உரிமையும் ஒரு பரிசுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். "இது குணமாக்கும்" என்று யாரோ விற்கும் எண்ணெய், தூள், பானம் ஆகியவற்றை அன்பளிப்பாகக் கொண்டுவராதீர்கள். ஓட்டிசத்தை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. சில பொருள்கள் உடம்புக்கு ஆபத்தும் விளைவிக்கும். மேலும், "நீ இப்படி இருப்பது எங்களுக்குச் சம்மதமில்லை" என்ற செய்தியையும் அது கொண்டுவருகிறது. பண்டிகை நாளில் அதனைக் கேட்க யார்தான் விரும்புவர்?

அவரும் கொடுக்கட்டும்

கடைசியாக ஒன்று. நமது வீடுகளில் ஓட்டிசம் உள்ளவர் எப்போதும் பெறுபவராகவே இருக்கிறார். மற்றவர்கள் கொடுத்து வாங்கும்போது, அவர் பெயரையும் சேர்த்து அம்மாவே வாங்கிக் கொடுத்துவிடுகிறார். என்றும் பெறுபவரை வீடு என்றும் பிள்ளையாகவே வைத்திருக்கும். இவ்வருடம் அவரையும் கடைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சனம் குறைந்த காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். "தங்கச்சிக்கு எது வாங்குவோம்?" என்று கேட்டு, அவர் தெரிந்தெடுக்கும் வரை பொறுத்திருங்கள். அவர் ஒரு நேரசூசியையே தெரிந்தெடுத்தாலும் தடுக்காதீர்கள். தமக்கு மிகவும் அருமையானதை அவர் கொடுக்கிறார். தங்கை அதனை இரு கையாலும் வாங்கட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் உறவிலே ஓட்டிசம் உள்ள ஒருவருக்குக் கடைசியாக நாம் கொடுத்தது என்ன? அது இப்போது எங்கே இருக்கிறது?

2. அவர் விரும்பாத ஓசை, மணம், துணி மூன்றினை நம்மாற் சொல்ல முடியுமா?

3. அவர் கையால் நாம் கடைசியாக ஒரு பரிசு பெற்றது எப்போது?